சிறுமலை, முதல் கியரில்

குட்டியானையின் முதுகில் படுத்துக் கிடந்தன
இரண்டு சைக்கிள்கள்,
ஒன்றின் பெடல் மற்றதன் கம்பிக்குள் கால்போட்டு.
வாடிப்பட்டி தாண்டும்போது மணி நாலு.
திண்டுக்கல் இன்னும் பூட்டியிருந்தது.

அடிவாரச் சாவடியில் வனக்காவலர்
டார்ச்சை முகத்தில் அடித்துக் கேட்டார்:
"மேல பஸ் போகுதே, தெரியுமா?"
தெரியும் என்றேன்.
"தெரிஞ்சுமா?"

நான் பிரேக் ஷூ விற்பவன்.
ஆரப்பாளையத்தில் ஆறடிக்கு எட்டடிக் கடை.
வாரத்தில் ஆறு நாள்
மதுரையை நிறுத்துவதற்கான சாமான்களை
மதுரைக்கே விற்கிறேன்.
ஏழாம் நாள் இப்படி.

பெனாசிர் முன்னால் போகிறாள்,
ஆஸ்பத்திரி லேபில் ஊர் ரத்தம் பார்ப்பவள்.
அவளுடைய பின்விளக்கு
வளைவில் அணைந்து
என் தலைக்கு மேலே, மரத்துக்குள் எரியும்.
"எத்தனாவது?" என்று கத்துவேன்.
"எண்ணாதீங்க" என்று மேலிருந்து விழும்.

எண்ணாமல் எப்படி?
நாலாவது வளைவில் தொடை பேசத் தொடங்கியது.
ஏழாவதில் அது மட்டும்தான் பேசியது.
ஒன்பதில் முதல் கியர்.
அதற்குக் கீழே கியர் இல்லை.
இருந்தும் கட்டைவிரல் தேடிக்கொண்டே இருந்தது,
மாதக் கடைசியில் சட்டைப்பையைத் துழாவுகிற மாதிரி.

பதினொன்றில் எதிரே வந்தது வாழைத்தார் லாரி.
முதலில் ஹாரன்.
பிறகு வாசனை: பழுத்த பழமும் தீய்ந்த லைனிங்கும்.
அந்த லைனிங்கின் ஆயுள்
ஓட்டுபவரைவிட எனக்குத் தெரியும்.
கத்திச் சொல்ல மூச்சில்லை.
பையில் கடை விலாசம் அச்சடித்த கார்டு இருந்தது,
நீட்டுவதற்குக் கையில்லை.
போய்விட்டது.

பதினெட்டும் முடிந்து
ஊர் தாண்டி, மிளகுக்கொடி தாண்டி, தாரும் தீர்ந்து
வெள்ளிமலைப் பாறையில் சைக்கிளைத் தோளில் தூக்கினேன்.
இப்போது நான் அதற்கு வண்டி.

உச்சியில் பனிமூட்டம்.
பார்க்கத்தான் வந்தோம், பார்க்க ஒன்றுமில்லை.
பெனாசிர் கழுத்தில் இரு விரல் வைத்து
வாட்சைப் பார்த்தாள்.
"நூத்தி அறுபத்தெட்டு."
பிறகு என் கழுத்தில் வைத்தாள்.
சொல்லவில்லை.
ஆளுக்கு ரெண்டு மலைப்பழம் தின்றோம்.

இறக்கம் வேறு கணக்கு.
காலுக்கு லீவு; கைக்குத்தான் வேலை.
மூன்று மணி நேரம் கெஞ்சி வாங்கிய உயரத்தை
மலை ஒவ்வொரு திருப்பத்திலும் பிடுங்கிக்கொண்டது.
முன்கை மரத்து, மணிக்கட்டு அதிர்ந்து,
சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு
ஒரு சாம்பல் கோடாக மட்டும் தெரிந்தது.
ஹோ என்று கத்தினேன், வெட்கமே இல்லாமல்.

எட்டாவது வளைவில் அந்தச் சத்தம்.
இரும்பை இரும்பு தேய்ப்பது.
கடை வாசலில் ஆயிரம் முறை கேட்டு,
எட்டிக்கூடப் பார்க்காமல்
"போச்சு" என்று சொல்லியிருக்கிறேன்.
இந்தமுறையும் சொன்னேன்.

ஏழு வந்தது, போனது.
ஆறில்,
சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றிருந்தது
அதே வாழைத்தார் லாரி.
இரண்டு காலையும் தரையில் ஊன்றினேன்.
ரப்பர் கருகி, சரளை பறந்து,
பச்சைத் தார்களுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன்.
என்னை நிறுத்தியது
காலில் போட்டிருந்த ஷூ.

டிரைவர் மெதுவாக இறங்கி வந்து
என் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.
"பிரேக்கு சுத்தமா இல்லையேண்ணே.
என்னுதும் அதான். மெக்கானிக் வரணும்."
ஒரு சீப்பு பிய்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்,
"மதுரைல என்ன வேலை பாக்குறீக?"

பெனாசிர் ஹெல்மெட்டைக் கழற்றி
ஆவலாகத் திரும்பினாள்.

"வாத்தியார்" என்றேன்.
"கணக்கு வாத்தியார்."

மிச்ச வளைவுகளை உருட்டிக்கொண்டே இறங்கினேன்.
அவள் சிரிப்பு முன்னால் போய்க்கொண்டிருந்தது,
வளைவில் அணைந்து,
இந்தமுறை எனக்குக் கீழே, மரத்துக்குள்.